வெளுத்துப்போன இட்லிப்பூ வரிசையும் அங்கே வந்த ஆவாரையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல்லடம் பக்கம் ஒரு புது வீடு. 2021 ஆவணியில் புதுமனை புகுவிழா. கணவன், மனைவி, மனைவியின் மாமியார், விடுமுறைக்கு வந்துபோகும் பேரன், இவ்வளவுதான் குடும்பம். முன்பக்கச் சுற்றுச்சுவரை ஒட்டி 30 அடி நீளத்துக்கு, இரண்டரை அடி அகலத்தில் ஒரு மண்பாத்தி விட்டிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் தளக்கல்.

அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "வருஷம் முழுக்கப் பூக்கணும், எங்களுக்கு வேலை வைக்கக் கூடாது." நாற்றுப் பண்ணையில் இட்லிப்பூவைக் காட்டியிருக்கிறார்கள். குட்டை ரகம், சிவப்புப் பூ, 24 செடி. வெட்சி சூடி ஆநிரை கவரப் போனார்கள் என்று பள்ளியில் படித்தோமே, அந்த வெட்சியும் இதே இனம்தான். கேரளத்தில் வேலியோரம் யாரும் கவனிக்காமலே செழித்து நிற்கும். அதனால் "பராமரிப்பே வேண்டாம்" என்று பண்ணையில் சொன்னதைப் பொய் என்று சொல்ல முடியாது. எந்த மண்ணில் என்பதைத்தான் அவர்கள் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்தது. கார்த்திகையில் துளிர் இலைகள் வெளுக்கத் தொடங்கின. பண்ணையில் கேட்டதற்கு மாதம் ஒரு கைப்பிடி டிஏபி உரம் போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டார்கள். வெளுப்பு கூடியது.

நான் உள்ளே வந்ததும், செய்த தவறும்

வீட்டுத் தோட்டம் அமைத்துத் தருவது என் தொழில். 2021 டிசம்பர் கடைசியில் என் செல்பேசிக்கு இரண்டு படம் அனுப்பினார்கள். வரிசை முழுவதும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து எடுத்த படங்கள். மஞ்சளாக இருந்ததால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை என்று முடிவுகட்டி, கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளியவைத்து ஊற்றச் சொன்னேன். நேரில் போகவில்லை. பழைய இலை மஞ்சளா, புது இலை மஞ்சளா என்றுகூடக் கேட்கவில்லை. இந்த நிகழ்வில் என் முதல் பிழை இது. ஆறு வாரம் வீணானது.

2022 பிப்ரவரி நடுவில் வீட்டம்மா கூப்பிட்டார். "தம்பி, புண்ணாக்கு நாத்தம்தான் மிச்சம். செடி காகிதமாட்ட வெளுத்துப்போச்சு, ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். அப்போதுதான் போனேன்.

நேரில் கண்டவை

நுனி இலைகள் கிட்டத்தட்ட வெள்ளை மஞ்சள். ஆனால் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக, வலை போட்டது மாதிரி தெளிவாகத் தெரிந்தன. அடி இலைகள் ஓரளவு பச்சையாகவே இருந்தன. தழைச்சத்து குறைந்தால் இது தலைகீழாக இருக்கும். செடி பழைய இலையில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துப் புது இலைக்கு அனுப்பிவிடும், அதனால் கீழ் இலைதான் முதலில், நரம்போடு சேர்த்து மஞ்சளாகும். இரும்பை அப்படி இடம்மாற்ற அதனால் முடியாது. அதனால் இரும்பு கிடைக்காவிட்டால் புதுத் துளிர்தான் முதலில் வெளுக்கும்.

24 செடியில் ஒன்று மட்டும் ஓரளவு பச்சையாக நின்றது. வடக்கு மூலையில், ஏசி வெளிப்பெட்டியின் குழாய் சொட்டுகிற இடம். இதை நான் கவனிக்கவில்லை, மாமியார்தான் காட்டினார். "அந்த ஒண்ணு மட்டும் பொழச்சுக்கிச்சு கண்ணு, அதுக்கு என்ன ராசியோ" என்றார். ராசி அந்தத் தண்ணீரில் இருந்தது. ஏசியில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர், அதில் உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மற்ற 23 செடிக்கும் சொட்டுநீர்க் குழாயில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இந்தப் பக்கம் அதை உப்புத்தண்ணி என்போம். குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்ததே போதுமான சாட்சி.

அடுத்து மண்வெட்டி கேட்டேன். மேலே அரை அடிக்குச் செம்மண், வெளியிலிருந்து கொண்டுவந்து பரப்பியது. அதற்குக் கீழே வீடு கட்டிய மிச்சம் அத்தனையும்: காய்ந்த சிமெண்ட் கட்டி, பூச்சுக் கழிவு, உடைந்த செங்கல். இன்னும் கீழே இந்த ஊருக்கே உரிய சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக் கல். ஒரு கரண்டி மண்ணில் எலுமிச்சை பிழிந்ததும் புசுபுசுவென்று நுரைத்தது. சுண்ணாம்பு தாராளமாக இருக்கிற மண் என்பதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது.

உறுதி செய்தது எப்படி

நுரையை மட்டும் நம்பாமல் இரண்டு காரியம் செய்தோம். மண்ணும் தண்ணீரும் மாதிரி எடுத்துப் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுத்தோம். மண்ணின் பி.எச். அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7க்கு மேல் காரம்) 8.6 என்று வந்தது. சுண்ணாம்புத் தன்மை உண்டு என்று குறித்திருந்தார்கள். உப்பின் அளவு கவலைப்படும்படி இல்லை. இட்லிப்பூ விரும்புவது சற்றே புளித்த, அதாவது அமிலத்தன்மையுள்ள மண், 5.5 முதல் 6.5 வரை. 8.6 என்பது அதற்கு ஒத்தே வராத இடம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணின் சிவப்பே இரும்புதானே. கார மண்ணில் அது கரையாத வடிவில் பூட்டிக்கொள்கிறது, வேரால் எடுக்க முடிவதில்லை. அதற்கு மேல் டிஏபியில் இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அளவுமீறிச் சேர்ந்ததும் இரும்புப் பற்றாக்குறையைக் கூட்டும். மாதாமாதம் கைப்பிடி போட்டதன் பலன் அது.

இரண்டாவது, அன்னபேதி உப்புக் (இரும்பு சல்பேட்) கரைசல். லிட்டருக்கு 5 கிராம், அதோடு அரை மூடி எலுமிச்சை. இரண்டு செடிக்கு மட்டும் மாலை வெயில் தாழ்ந்தபின் இலைமேல் தெளித்தோம். பத்து நாளில் தெளித்த இலைகளில் திட்டுத்திட்டாகப் பச்சை திரும்பியது. அதற்குப் பிறகு வந்த துளிர் பழையபடி வெள்ளை. குறை இரும்புதான், ஆனால் வேர் வழியாக அது வரவில்லை என்பது இதில் தெரிந்துவிட்டது. (புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் துருக்கறை விழுந்தது. அதற்கு வீட்டுக்காரரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.)

எடுத்த முடிவுகள்

மூன்று வழி இருந்தது.

மண்ணைத் திருத்துவது முதல் வழி. கந்தகம் போட்டால் காரம் குறையும் என்பது சரிதான். ஆனால் மண்ணில் இருக்கும் சுண்ணாம்பு முழுவதும் கரையும்வரை பி.எச். அசையாது. 30 அடிக்கு இரண்டரை அடி, ஓரடி ஆழம் என்றால் அந்தப் பாத்தி மண் மூன்று டன்னுக்குக் குறையாது. அதில் சுண்ணாம்பு 5 சதவீதம் என்று வைத்தாலும் 150 கிலோ. 100 கிலோ சுண்ணாம்புக் கல்லுக்கு 32 கிலோ கந்தகம் என்ற கணக்கில் கிட்டத்தட்ட 50 கிலோ கொட்ட வேண்டும். கொட்டினாலும் ஆழ்துளைத் தண்ணீர் அன்றாடம் புதிதாகக் காரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். இதைக் கைவிட்டோம்.

இரண்டாவது, கார மண்ணிலும் பூட்டிக்கொள்ளாத இரும்புச் சேர்மம் வாங்கி ஊற்றிக்கொண்டே இருப்பது. அதிலும் இடிடிஏ வகை இந்த மண்ணில் நிற்காது, இடிடிஎச்ஏ வகைதான் வேண்டும். விலை அதிகம், நிறுத்தினால் மறுபடி வெளுப்பு. "வேலை வைக்கக் கூடாது" என்று கேட்டவர்களுக்கு ஆயுள் முழுக்க மருந்து ஊற்றும் செடியைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, செடியை மாற்றுவது. வீட்டுக்காரர் அரளி என்றார். கார மண்ணையும் வறட்சியையும் தாங்கும், பூவும் நிறைய. ஆனால் வேர் முதல் பூ வரை எல்லாம் விஷம்; பேரனுக்கு அப்போது இரண்டு வயது. காகிதப்பூ நல்ல தேர்வுதான், ஆனால் இரண்டரை அடிப் பாத்தியில், நடைபாதை ஓரத்தில், அந்த முள்ளை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான் சொன்னது ஆவாரை.

வீட்டம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஏனுங்க தம்பி, காட்டோரம் நிக்கற செடியைக் கொண்டாந்து புது வீட்டு வாசல்ல வைப்பாங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். பல்லடம் சாலையில் யாரும் நடாமல், தண்ணீர் ஊற்றாமல், சுக்காங்கல் மேட்டில் மஞ்சளாகப் பூத்து நிற்பதை நாம் செடியாகவே கணக்கில் வைப்பதில்லை. ஆனால் அவை நிற்கிற மண்தான் இந்தப் பாத்தியின் மண்ணும். தெலங்கானாவில் இதுதான் மாநில மலர், பதுகம்மா பண்டிகையில் தட்டில் அடுக்குகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கெல்லாம் அவர் மசியவில்லை. மாமியார்தான் முடித்துவைத்தார். "போகிக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சந்தையில காசு குடுத்துத்தானே வாங்கறோம். அப்ப அது காட்டுச்செடியாத் தெரியலையா?" அதற்குமேல் பேச்சில்லை. ஆனால் மருமகளின் நிபந்தனை ஒன்று: இட்லிப்பூவை முழுக்கத் தூக்கிப் போடக் கூடாது.

ஆகவே முடிவு இரண்டாகப் பிரிந்தது. இருப்பதில் தேறிய ஆறு இட்லிப்பூவைத் தொட்டிக்கு மாற்றுவது. செம்மண், தென்னை நார்க் கழிவு, மட்கிய தொழுவுரம் கலந்த மண். ஏசித் தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைத்தண்ணீர் மட்டும். பாத்தி முழுவதும் ஆவாரை.

விதையிலிருந்து நடவு வரை

நாற்றுப் பண்ணைகள் எதிலும் ஆவாரை இல்லை. விற்காத செடியை யார் வளர்ப்பார்கள்? மாசிக் கடைசியில் ஒரு காட்டு வரப்பிலிருந்து காய்ந்த காய்களைப் பறித்துவந்தேன். தட்டையாக, காகிதம்போல் மெலிந்து, பழுப்பாக இருக்கும். விதைத்தோல் கெட்டி. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதையைப் போட்டு, இரவு முழுக்க அப்படியே விட்டேன். காலையில் உப்பிய விதைகளை மட்டும் எடுத்தேன். ஜூனில் விதைத்த 40ல் 27 முளைத்தன. சும்மா ஊன்றிய பத்தில் முளைத்தது ஒன்று.

உயரமான பைகளில்தான் வளர்த்தேன். இதன் ஆணிவேர் வேகமாகக் கீழே இறங்கும். குட்டைப் பையில் சுருண்டுகொண்டால் பிறகு நிலத்தில் தடுமாறும். வளர்ந்த செடியைக் காட்டிலிருந்து பிடுங்கிவந்து நடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆணிவேர் அறுந்தால் பெரும்பாலும் பிழைக்காது என்பதால் வேண்டாம் என்றேன்.

2022 புரட்டாசியில் நட்டோம். இரண்டரை அடிக்கு ஒன்றாக 12 செடி. குழி ஒன்றரை அடிக் கனம், கண்ணில் பட்ட சிமெண்ட் கட்டிகளை மட்டும் பொறுக்கினோம். உரம் எதுவும் போடவில்லை. பயறு வகைக் குடும்பம் என்பதால் தானே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். ஆவாரைக்கு அப்படி வேர்முடிச்சு கிடையாது. உரம் போடாததற்குக் காரணம் வேறு: கொழுத்தால் இலைதான் வரும்.

தொடர்ந்து நடந்தவை

ஐப்பசியில் மழை பிடித்தது. மலைக்குக் கிழக்கே மழைமறைவில் இருக்கும் ஊர் இது. வருடத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்தில் வந்துவிடும். நவம்பர் நடுவில் போனபோது தெற்குக் கோடியில் நான்கு செடி தலை தொங்கிக் கிடந்தன. பிடுங்கினால் கழுத்து அழுகியிருந்தது.

காரணம் இரண்டு. சொட்டுநீர் கடிகாரத்தில் ஓடுவது. மழையிலும் காலை அரை மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. அடுத்தது, பாத்தியின் தெற்குக் கோடி தாழ்வு; கட்டடக் கழிவு இறுகிப் போய்த் தண்ணீர் கீழே இறங்கவில்லை, பக்கக் கல் அதை வெளியே விடவில்லை. சுக்கான் மேட்டில் வாழும் செடியைக் குட்டைக்குள் வைத்திருந்தோம். வறட்சியைத் தாங்கும் செடி என்றால் எதையும் தாங்கும் என்று நானே கொஞ்சம் நம்பியிருந்தேன் போல.

பக்கக் கல்லில் இரண்டு இடத்தில் துளையிட்டு வெளியே வடிய விட்டோம். அந்தக் கோடியை ஒரு சாண் மேடாக்கினோம். கையிருப்பில் இருந்த நாற்றில் நான்கை மறுபடி நட்டோம். சொட்டுநீர்க் குழாயையே கழற்றிச் சுருட்டிவைத்தார் வீட்டுக்காரர். மறுபடி யாராவது திறந்துவிடுவார்கள் என்ற பயம்.

2023 கோடையில் 15 நாளைக்கு ஒருமுறை குழாயைப் பிடித்து ஊற்றினார்கள். இலை கொஞ்சம் உதிர்ந்தது. வெளுப்பு எந்தச் செடியிலும் இல்லை. ஆடியில் பெய்த இரண்டு மழைக்குப் பிறகு முதல் பூ. ஆவணியில் வேறொரு பதற்றம்: பச்சைப் புழுக்கள் மூன்று செடியின் இலையை முக்கால்வாசி தின்றுவிட்டன. வீட்டுக்காரர் பூச்சிமருந்து வாங்கிவந்துவிட்டார். இரண்டு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். வெளிர் மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஆவாரைதான் பிள்ளை வளர்க்கும் இடம்; புழு கூட்டுக்குள் போனதும் செடி மறுபடி துளிர்க்கும் என்றேன். துளிர்த்தது. அந்த மருந்து டப்பா திறக்காமலே மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

புரட்டாசியிலிருந்து பூ குறையவே இல்லை. காலையில் பெரிய கரிய தச்சுத் தேனீக்கள் வந்து பூவைப் பிடித்துக்கொண்டு விர்ரென்று அதிரும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பை நுனியில் சிறு துளை மட்டும்தான். அந்த அதிர்வில்தான் மகரந்தம் கொட்டும். இதைப் பேரனுக்குக் காட்டப் போய் நானே அரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

2024 போகியன்று காப்புக் கட்ட அவர்கள் சந்தைக்குப் போகவில்லை. பக்கத்து ஐந்தாறு வீட்டுக்கும் இவர்கள் வாசலிலிருந்துதான் கொத்து போனது. "எல்லாரும் ஒடிச்சு ஒடிச்சு மொட்டை அடிச்சுட்டாங்க" என்று வீட்டம்மா அலுத்துக்கொண்டார். குரலில் அலுப்பு அவ்வளவாக இல்லை.

2024 ஏப்ரல் நிலவரம்

12 ஆவாரையில் 11 நன்றாக இருக்கின்றன. உயரம் நாலடி சுமார். மாசியில் காய்ந்த காய்களோடு சேர்த்து மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டோம், நன்றாகவே துளிர்த்தது. ஆண்டு வேலை என்றால் அந்த அரை நாள் மட்டும். தண்ணீர் முன்பு அன்றாடம் அரை மணி நேரம், இப்போது கோடையில் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

தொட்டிக்குப் போன ஆறு இட்லிப்பூவில் ஐந்து பச்சை பிடித்துப் பூக்கின்றன. ஆனால் அவற்றுக்குத்தான் உழைப்பு: ஏசி ஓடாத மாதங்களில் மழைத்தண்ணீர் தீர்ந்தால் ஆற்றுத் தண்ணீரை எடுத்து ஊற்ற வேண்டியிருக்கிறது. வீட்டம்மா அதை வேலையாக நினைக்கவில்லை, துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. சித்திரையில் செடி மெலிந்து தெரிகிறது. மாசியில் வெட்டும்வரை பழுப்புக் காய்கள் சலசலவென்று தொங்குவதைப் பார்த்து விருந்தினர் "செடி காஞ்சுபோச்சா?" என்று கேட்கிறார்கள். தளக்கல் இடுக்கில் எல்லாம் நாற்று முளைக்கிறது.

மறுபடி செய்தால் மாற்றுவது

படம் மட்டும் பார்த்து மருந்து சொல்வதை நிறுத்திவிட்டேன். இப்போது யார் அனுப்பினாலும் ஒரு கிளையின் நுனி இலையும் அடி இலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம் கேட்கிறேன். அதற்கே பாதிப் பேர் சலித்துக்கொள்கிறார்கள்.

புது வீடு என்றால் நடுவதற்கு முன் இரண்டு இடத்திலாவது ஒன்றரை அடி தோண்டிப் பார்க்கிறேன், தாழ்ந்த கோடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்றும் பார்க்கிறேன். இந்த வீட்டில் அதை முதலிலேயே செய்திருந்தால் அந்த நான்கு செடி போயிருக்காது. இடைவெளி இரண்டரை அடி நெருக்கம், மூன்றடி விட்டிருக்கலாம். கோடையில் எப்படித் தெரியும், காய் எப்படித் தொங்கும் என்பதையும் பூக்காத மாதத்துப் படம் காட்டி முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பூத்த படத்தை மட்டும் காட்டி நாற்றுப் பண்ணை செய்ததையே நானும் செய்தேன்.

பன்னிரண்டாவது செடி தெற்குக் கோடியில் இன்னும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. இலையில் குறை தெரியவில்லை, வெளுப்பும் இல்லை. வடிகால் துளைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. இந்த வருட மழைக்கு முன் அதன் அடியில் தோண்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.